தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலேயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பேச்சிலோ, காந்தி பற்றிய பேச்சிலோ, டர்பனில் உறவினர் இருக்கும் வீட்டிலோ தென்னாப்பிரிக்கா வந்துவிட்டால், அங்குள்ள ஆங்கிலேயர்களைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரர் என்றாலே ஆங்கிலேயர்தானே?

இல்லை. அங்குள்ள வெள்ளையர்களில் பெரும்பான்மை ஆஃப்ரிகானர்கள். 1652ல் டச்சுக் கம்பெனி கேப் டவுனில் கடை விரித்தபோது தொடங்கிய கூட்டம் அது. டச்சுக்காரர்கள், ஜெர்மானியர்கள், பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்கள் எல்லாரும் கலந்து உருவானவர்கள். பேசுவது ஆஃப்ரிகான்ஸ். பழைய புத்தகங்களில் போயர்கள் என்று வருவது இவர்களைத்தான்.

ஆங்கிலேயர்கள் கேப் பகுதியை முதலில் 1795லும், பிறகு நிரந்தரமாக 1806லும் பிடித்தார்கள். அதாவது ஆஃப்ரிகானர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவர்கள். 2011 கணக்கெடுப்பில் வெள்ளையர்களில் சுமார் 61 சதவீதம் பேர் ஆஃப்ரிகான்ஸையும், 36 சதவீதம் பேர் ஆங்கிலத்தையும் வீட்டு மொழியாகச் சொன்னார்கள்.

அப்போ ஜான்டி ரோட்ஸ், ஹான்சி குரோனியே இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களா?

ஆமாம். இருவரும் ஒரே கிரிக்கெட் அணியில் ஆடினாலும் கூட்டம் வேறு. ரோட்ஸ் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்த, ஆங்கிலம் பேசும் நேட்டால்காரர் (டர்பன் இருக்கும் பகுதிதான் நேட்டால்). குரோனியே புளும்ஃபோன்டெய்னின் ஆஃப்ரிகானர். ஆனால் பெயரை வைத்து மட்டும் ஆளை முடிவு செய்யாதீர்கள். இருநூறு வருடமாகக் கல்யாணம் செய்துகொண்டதில் ஆங்கிலப் பெயர் வைத்த ஆஃப்ரிகானரும் உண்டு, டச்சுப் பெயர் வைத்து ஆங்கிலம் மட்டுமே பேசுபவரும் உண்டு.

நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்கள் 1947ல் மூட்டை கட்டிவிட்டார்கள். இவர்கள் மட்டும் ஏன் போகவில்லை?

நம்மிடம் வந்தவர்கள் வேலைக்கு வந்தவர்கள். கலெக்டர், ராணுவ அதிகாரி, தோட்ட முதலாளி, வியாபாரி. வேலைக்காலம் முடிந்ததும் ஓய்வூதியத்தோடு இங்கிலாந்து போய்விடுவது வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியே வெகுகாலம் தன் நாட்டார் இந்தியாவில் நிலம் வாங்கிக் குடியேறுவதை விரும்பவில்லை. அந்தத் தடை தளர்ந்ததே 1833 சாசனச் சட்டத்தில்தான். அதற்குள் இங்கே ஒவ்வொரு காணி நிலத்துக்கும் உழுபவரும் வரி கட்டுபவரும் இருந்தார்கள். ஊட்டியில் ஆங்கிலேயர் வீடு கட்டினார்கள், ஊரை உருவாக்கினார்கள். ஆனால் உழுது பிழைக்கும் ஒரு ஆங்கிலேயக் குடியானவர் கூட்டம் நம் ஊரில் உருவாகவே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. அங்கே அரசே குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் நிலத்தில் இறக்கியது. பெண்டாட்டி, பிள்ளை, பாதிரியார், தச்சர், கருமார் என்று முழுக் கிராமமாகவே போனார்கள். ஏழு தலைமுறை தாண்டிய பிறகு அவர்களிடம் 'ஊருக்குத் திரும்பிப் போ' என்றால் எந்த ஊருக்கு என்று கேட்பார்கள்.

1820 குடியேறிகள் என்று அடிக்கடி படிக்கிறேன். அவர்கள் யார்?

நெப்போலியனுடன் போர் முடிந்து படைகள் கலைந்தபோது இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம். மறுபுறம் கேப் ஆளுநர் லார்டு சார்லஸ் சாமர்செட்டுக்கு, கோசா என்ற ஆப்பிரிக்க மக்கள் வாழ்ந்த கிழக்கு எல்லையைக் காக்க ஆள் வேண்டும். படை வைத்தால் செலவு. இரண்டையும் ஒரே கல்லில் தீர்க்க 1819ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 50,000 பவுண்டு ஒதுக்கியது. சுமார் 90,000 பேர் விண்ணப்பித்ததாகச் சொல்வார்கள். தேர்வானவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். முதல் கப்பல்கள் 1820 ஏப்ரலில் அல்கோவா விரிகுடாவுக்கு வந்தன. அங்கே எழுந்த ஊருக்குத் தற்காலிக ஆளுநர் ரூஃபேன் டான்கின், இந்தியாவில் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் போர்ட் எலிசபெத் என்று பெயர் வைத்தார். 2021 முதல் அது க்கெபெர்ஹா.

வந்தவர்களில் கொஞ்சம் வசதியானவர்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கைத்தொழிலாளிகள், சிறு வியாபாரிகள், பட்டாளத்தை விட்டு வந்தவர்கள். குழுக் குழுவாகச் சேர்ந்து, தலைக்கட்டுக்கு 10 பவுண்டு முன்பணம் கட்டி, குழுவிலுள்ள ஒவ்வொரு வயது வந்த ஆணுக்கும் 100 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் வாங்கினார்கள். எல்லை வேலி மாதிரி நம்மை நிறுத்தப்போகிறார்கள் என்று கிளம்பும்போது அவர்களிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. சண்டை வந்த பிறகுதான் புரிந்தது.

சும்மா கிடந்த நிலத்தைத்தானே கொடுத்தார்கள்?

1820ல் போய் இறங்கியவர்களின் கண்ணுக்குக் காலியாகத்தான் தெரிந்திருக்கும். எட்டு வருடம் முன்னால் போயிருந்தால் தெரிந்திருக்காது.

சூர்வெல்ட் என்று டச்சுக்காரர்கள் அழைத்த அந்தப் புல்வெளியில் கோசா மக்கள் மாடு மேய்த்து, சோளம் விதைத்து வாழ்ந்தார்கள். 1812ல் கர்னல் ஜான் கிரஹாம் தலைமையில் வந்த படை, வீடுகளையும் பயிரையும் எரித்து ஏறக்குறைய 20,000 பேரை மீன் ஆற்றுக்கு அப்பால் விரட்டியது. அங்கே அமைத்த முகாம்தான் கிரஹாம்ஸ்டவுன் ஆனது. 1819 ஏப்ரலில் மக்காண்டா என்ற கோசாத் தீர்க்கதரிசியின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் பட்டப்பகலில் அந்த ஊரைத் தாக்கித் தோற்றார்கள். அவரை ராபன் தீவுச் சிறையில் அடைத்தார்கள். தப்பிக்கும்போது கடலில் மூழ்கினார். அந்தத் தாக்குதலுக்கு மறு வருடம் குடியேறிகளின் கப்பல். சாமர்செட்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பது இந்தத் தேதிகளை வரிசையாக வைத்தாலே தெரியும்.

2018ல் அந்த ஊருக்கு மக்காண்டா என்றே பெயர் மாற்றினார்கள். பல வெள்ளையர் குடும்பங்கள் கடுமையாக எதிர்த்தன. விரட்டியவர் பெயரில் ஒரு ஊர் இருநூறு வருடம் இருந்தது போதும் என்பது என் கட்சி.

சரி, விவசாயம் செய்து முன்னேறினார்களா?

விவசாயத்தில் முன்னேறவில்லை. கோதுமை போட்டார்கள், மூன்று வருடம் தொடர்ந்து துரு நோய் வந்து அழித்தது. 1823ல் வெள்ளம். அந்த மண்ணில் 100 ஏக்கர் என்பது மேய்ச்சலுக்கும் பற்றாது, அடிமை வைத்துக்கொள்ளவும் இவர்களுக்கு அனுமதி இல்லை. மூன்று வருடத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நிலத்தை விட்டுவிட்டு கிரஹாம்ஸ்டவுன் போன்ற ஊர்களில் பழைய கைத்தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் திரும்பினார்கள்.

காசு பார்த்தது அப்புறம்தான். கோசா மக்களோடு யானைத்தந்த வியாபாரம், படைகளுக்குச் சாமான் விநியோகம், பிறகு மெரினோ ஆட்டு ரோமம். 1834, 1846, 1850 என்று அடுத்தடுத்து வந்த எல்லைப் போர்களில் இவர்களும் பண்ணைகளை இழந்தார்கள், உயிர்களையும் இழந்தார்கள். ஆனால் ஒவ்வொரு போர் முடிவிலும் கோசா நிலம் குறைந்தது, ஆட்டுப்பண்ணை பெருகியது. அந்த ஊர்ப் பத்திரிகையான 'கிரஹாம்ஸ்டவுன் ஜர்னல்' இன்னும் நிலம் வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தது.

இவர்களோடு வந்தவர்களில் நேர் எதிர்ப் பக்கம் நின்றவர்களும் உண்டு. ஸ்காட்லாந்துக் குழுவின் தாமஸ் பிரிங்கிள் என்ற கவிஞர், ஆளுநரோடு பத்திரிகைச் சுதந்திரத்துக்காக மோதி, லண்டன் திரும்பி, அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் ஆனார்.

டர்பன் பக்கம் இருக்கும் ஆங்கிலேயர்களும் இதே 1820 ஆட்கள்தானா?

சிலர் மட்டும் அங்கிருந்து நகர்ந்து போனவர்கள். நேட்டால் தனிக்கதை. 1824ல் ஃபேர்வெல், ஃபின் முதலிய சில வியாபாரிகள் ஜூலு அரசர் ஷாக்காவின் அனுமதியோடு துறைமுகத்தில் தங்கினார்கள். 1843ல் பிரிட்டன் நேட்டாலைச் சேர்த்துக்கொண்டது. 1849 முதல் 1851 வரை ஜோசப் பர்ன் என்பவர் நடத்திய குடியேற்றத் திட்டத்திலும் அதை ஒட்டிய திட்டங்களிலும் சுமார் 5,000 பேர் வந்தார்கள். ஆளுக்கு 20 ஏக்கர். 1820 ஆட்களுக்கு 100 ஏக்கரே பற்றவில்லை என்று மேலே பார்த்தோம். இது எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது இவர்கள்தானா?

இவர்கள்தான். பருத்தி, காப்பி எல்லாம் முயன்று பார்த்த பிறகு கடற்கரை ஓரத்தில் கரும்பு வருகிறது என்று கண்டுகொண்டார்கள். எட்மண்ட் மோர்வுட் 1850களின் தொடக்கத்தில் அங்கே சர்க்கரை காய்ச்சிக் காட்டினார். கரும்புக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். ஜூலுக்களுக்குச் சொந்தமாக நிலமும் மாடும் இருந்தன. தோட்டக்காரர் கொடுக்கும் கூலிக்கு வருடம் பூராவும் குனிந்து வெட்ட அவர்களுக்கு அவசியம் இல்லை. 'சோம்பேறிகள்' என்று தோட்டக்காரர்கள் எழுதி வைத்தது இதனால்தான்.

தோட்டக்காரர்கள் விண்ணப்பம் போட்டு வாங்கியதுதான் ஒப்பந்தக் கூலி முறை. முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங், கூடவே ரேஷன். 1911ல் நிறுத்தும் வரை போனவர்கள் 1,52,000க்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், தமிழரும் தெலுங்கருமாக.

இதில் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறி போட்டு, கடை வைத்துக் கொஞ்சம் தலைதூக்கியதும் அதே குடியேறிகளின் சட்டசபை அவர்கள் மேல் பாய்ந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குபவருக்கு 1895ல் வருடம் 3 பவுண்டு வரி. 1896ல் இந்தியர்களுக்கு வாக்குரிமை மறுக்கும் சட்டம். காந்தி நேட்டாலில் மல்லுக்கு நின்றது போயர்களோடு அல்ல, நேட்டாலின் இந்த ஆங்கிலேயர்களோடுதான். 3 பவுண்டு வரி ஒழிய 1913 வேலைநிறுத்தமும், சிறையிலிருந்து நோயோடு வந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையும் தேவைப்பட்டார்கள்.

எல்லா ஆங்கிலேயக் குடும்பமும் இந்த இரண்டு கூட்டத்தில் வந்ததுதானா?

இல்லை, எண்ணிக்கையில் பெரிய அலை பின்னால் வந்தது. கிம்பர்லியில் வைரம், 1886ல் ஜோகன்னஸ்பர்க்கில் தங்கம். கார்ன்வால் பகுதியின் சுரங்கத் தொழிலாளிகள் முதல் பங்குச்சந்தைத் தரகர்கள் வரை வந்து குவிந்தார்கள். தங்கம் கிடைத்த இடம் போயர்களின் குடியரசு. அங்கே வந்தவர்களின் வாக்குரிமையைச் சாக்காக வைத்து 1899ல் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் போர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் ஒரு அலை வந்தது. 1948ல் ஆட்சிக்கு வந்த ஆஃப்ரிகானர்களின் தேசியக் கட்சி, ஆங்கில வாக்கு கூடிவிடும் என்று பயந்து அதைச் சுருக்கியது.

ஆனாலும் கௌரவம் '1820' என்ற சொல்லுக்குத்தான். குடும்ப மரம் வரைந்து கப்பல் பெயரோடு சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

நிறவெறி போயர்கள் கொண்டுவந்தது. ஆங்கிலேயர்கள் எதிர்த்தவர்கள்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பாதிதான் உண்மை. 1948ல் அபார்தைட்டை, அதாவது இந்த நிறவெறிப் பிரிவினையை, கொள்கையாக அறிவித்து வென்றது ஆஃப்ரிகானர்களின் தேசியக் கட்சி. ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் அதற்கு எதிராகத்தான் வாக்களித்தார்கள். கறுப்புப் பட்டை அணிந்து தெருவில் நின்ற 'பிளாக் சாஷ்' பெண்கள் அமைப்பில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வெள்ளைப் பெண்கள்தான். முற்போக்குக் கட்சியின் ஒரே உறுப்பினராக 13 வருடம் நாடாளுமன்றத்தில் தனியாகப் போராடிய ஹெலன் சுஸ்மானை அனுப்பியதும் ஜோகன்னஸ்பர்க்கின் ஆங்கிலம் பேசும் தொகுதிதான். (அவர் ஆங்கிலேயர் அல்ல, லிதுவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம்.)

இனி மறு பாதி. ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கு நிலம் பிரித்துத் தனிச்சட்டத்தில் ஆளும் முறையை நேட்டாலில் கட்டியவர் தியோஃபிலஸ் ஷெப்ஸ்டன். மூன்று வயதில் 1820 கப்பலில் வந்த பிள்ளை. கேப் மாகாணத்தில் சொத்துத் தகுதி இருந்தால் எந்த நிறத்தவரும் வாக்களிக்கலாம் என்றிருந்தது. 1892ல் அந்தத் தகுதியை 25 பவுண்டிலிருந்து 75 ஆக்கிக் கறுப்பு வாக்காளர்களைக் குறைத்தது கேப் பிரதமராக இருந்த சிசில் ரோட்ஸின் அரசு. நிறத்தின் அடிப்படையில் நிலத்தைப் பிரிக்கலாம் என்று 1905ல் பரிந்துரைத்த குழுவை அமைத்தவர் பிரிட்டிஷ் ஆளுநர் மில்னர். டர்பனில் இந்தியர்கள் வெள்ளையர் பகுதியில் சொத்து வாங்குவதைத் தடுத்த 1943, 1946 சட்டங்கள் நேட்டால் ஆங்கிலேயர்களின் நச்சரிப்பால் வந்தவை. அப்போது தேசியக் கட்சி ஆட்சியிலேயே இல்லை. வீட்டின் அஸ்திவாரம் போட்டவர் ஒருவர், மாடி எழுப்பிப் பெயர்ப்பலகை மாட்டியவர் இன்னொருவர். பழி முழுக்கப் பெயர்ப்பலகைக்குப் போய்விட்டது.

1961ல் குடியரசு ஆனபோது இவர்கள் என்ன செய்தார்கள்?

1960 அக்டோபரில் வெள்ளையர்கள் மட்டும் வாக்களித்த பொதுவாக்கெடுப்பில் 52 சதவீதம் குடியரசுக்கு ஆதரவு. நேட்டாலில் மட்டும் சுமார் 76 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். மகாராணியை விட மனமில்லை. 'பேரரசின் கடைசிக் காவல்நிலையம்' என்று நேட்டாலைக் கேலி செய்வார்கள். அதே நேட்டாலில் இந்தியரும் ஜூலுக்களும் வாக்கே இல்லாமல் வேடிக்கை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வம்சாவளியினர் எல்லாரும் வெள்ளையர்களாகத்தான் இருப்பார்களா?

இல்லை, இது பலருக்குத் தெரியாத பக்கம். மேலே சொன்ன ஃபின், ஆப்பிரிக்கப் பெண்களை மணந்தார்; ஃபின் என்ற குடும்பப் பெயரோடு ஒரு பெரிய வம்சம் இன்றும் நேட்டாலின் தென்கரையில் இருக்கிறது. ஜான் டன் கதை இன்னும் வினோதம். குடியேறிப் பெற்றோருக்குப் பிறந்தவர், ஜூலு அரசர் செட்ஷ்வாயோவின் ஆலோசகராகி, குறுநிலத் தலைவராகி, நாற்பதுக்கும் மேற்பட்ட மனைவிகளை மணந்து, நூறுக்கு மேல் பிள்ளைகள் பெற்று 1895ல் இறந்தார். அபார்தைட் சட்டம் அந்த வம்சத்தைக் 'கலர்டு', அதாவது கலப்பினத்தவர், என்று பதிந்தது. கப்பல் பெயரோடு மாட்டிய குடும்ப மரங்களில் இந்தக் கிளைகளைத் தேடாதீர்கள்.

இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2011 கணக்குப்படி ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ள வெள்ளையர்கள் சுமார் 16 லட்சம். இதில் யூதர், கிரேக்கர், போர்ச்சுகீசியர், ஐரிஷ்காரர் எல்லாரும் அடக்கம். அதே கணக்கில் ஆங்கிலம் வீட்டு மொழி என்று சொன்ன மொத்தப் பேர் 49 லட்சம். ஆக, மூன்றில் இரண்டு பங்கு வெள்ளையர் அல்லாதவர்கள். அதில் சுமார் 11 லட்சம் இந்திய வம்சாவளியினர். கரும்பு வெட்டப் போன நம் ஆட்களின் கொள்ளுப்பேரன்களும் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள்.

இங்கிலாந்து பாஸ்போர்ட் எல்லாருக்கும் கிடைக்குமா?

1820 வம்சத்துக்கு அந்தப் பூர்வீகத்தை வைத்து ஒன்றும் கிடைக்காது. தாத்தா பாட்டியில் ஒருவராவது பிரிட்டனில் பிறந்திருந்தால் காமன்வெல்த் குடிமக்களுக்குப் பூர்வீக விசா உண்டு. ஆக, 1950களில் வந்தவரின் பேரன் லண்டன் போக முடியும், ஏழு தலைமுறைக்காரர் முடியாது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கிரிக்கெட் வீரர் கெவின் பீட்டர்சன் இங்கிலாந்துக்கு ஆடியது அவருடைய அம்மா ஆங்கிலேயர் என்பதால்.

அமெரிக்கா 2025ல் அகதிகளாக அழைத்தது இவர்களைத்தானே?

அந்த அதிபர் ஆணையில் பெயர் சொல்லப்பட்டவர்கள் ஆஃப்ரிகானர்கள். முதல் கேள்வியின் பதிலுக்குப் போய் வாருங்கள்.

நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார்களே. 1820ல் கொடுத்த நிலமும் போய்விடுமா?

1994 நில மீட்புச் சட்டப்படி, 1913 ஜூன் 19க்குப் பிறகு இன அடிப்படையிலான சட்டத்தாலோ நடைமுறையாலோ நிலம் இழந்தவர்கள்தான் கேட்க முடியும். கிரஹாமின் படை 1812ல் விரட்டியது அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. கோசா மக்களுக்குக் கசப்பான கோடு. குடியேறி வம்சத்துக்கு நிம்மதியான கோடு.

ஆனால் அதற்குள்ளும் ஒரு வழக்கு வந்தது. கிரஹாம்ஸ்டவுன் அருகே 1820 குடியேறிகள் அமைத்த சேலம் என்ற கிராமம். (நம் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பைபிள் பெயர்.) அங்குள்ள பொது மேய்ச்சல் நிலத்தில் கறுப்பின மக்கள் பல தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். 1940ல் நீதிமன்ற உத்தரவு வாங்கி அதை வெள்ளை நில உரிமையாளர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பின்னால் மீட்பு வழக்கு வந்தபோது, அங்கே அப்படி ஒரு சமூகமே இருந்ததில்லை, வேலைக்காரர்கள்தான் இருந்தார்கள் என்று உரிமையாளர்கள் வாதாடினார்கள். இரு தரப்பிலும் வரலாற்றாசிரியர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். 2017 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் கறுப்பின சமூகத்தின் கோரிக்கையை ஏற்றது. ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழிச் சாட்சியத்துக்கும் அந்தத் தீர்ப்பு மதிப்புக் கொடுத்தது. பத்திரம் இல்லாதவர்கள் பக்கம் இது பெரிய விஷயம்.

2025 ஜனவரியில் கையெழுத்தான நிலக் கையகப்படுத்தல் சட்டம் வேறு. சில சூழல்களில் இழப்பீடு இல்லாமலும் எடுக்கலாம் என்கிறது. 1820 பட்டா என்பதற்காக யார் நிலத்தையும் பிடுங்கும் சட்டம் அல்ல.

அந்தப் பக்கம் போனால் எதைப் பார்க்கலாம்?

மக்காண்டாவில் குன்றின் மேல் 1820 குடியேறிகள் நினைவகம் இருக்கிறது. சிலை வைக்காமல் 1974ல் அரங்கமாகக் கட்டினார்கள்; 1994ல் தீப்பிடித்து, சீரமைத்த பிறகு 1996ல் நெல்சன் மண்டேலா வந்து திறந்தார். அந்த ஊரின் தேசியக் கலை விழா ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் நடக்கும். அப்போது போவதாக இருந்தால் அறையை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், அது அங்கே குளிர்காலம் என்பதால் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் குழாய்த் தண்ணீர்த் தட்டுப்பாடு பழைய பிரச்சினை, அறை எடுக்கும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது. பக்கத்தில் பாத்தர்ஸ்ட் என்ற சிற்றூர். கோதுமை கைவிட்ட மண்ணில் அன்னாசி நன்றாக வந்தது, அதற்காக அன்னாசிப் பழ வடிவிலேயே ஒரு கட்டடம் எழுப்பி வைத்திருக்கிறார்கள். வண்டி இருந்தால் சேலத்துக்கும் போய்வரலாம்.